இடது ஓரம்

திங்கட்கிழமை என்றால் எனக்குக் கலெக்டர் ஆபீஸ்.
ஏழேகாலுக்கே டெஸ்க்கிலிருந்து ரூபன்:
"ஸ்டில் ரெண்டு, வீடியோ ஒண்ணு.
வீடியோவை நிமிர்த்திப் பிடிங்க,
போன தடவை மாதிரி படுக்கப் போட்டுராதீங்க."

போன தடவை கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தை.
துண்டுக்கடியில் விரல்கள் பேசும் விலையை
எப்படி நிமிர்த்தி எடுப்பது?
மாடே படுக்கைவாட்டில்தான் இருக்கிறது.

ஸ்டில் மட்டும் எடுத்த பதினெட்டு வருஷம்
நான் எங்கும் இல்லை.
பண்ணாரி குண்டத்தில் லென்ஸ் சூடேறிய படத்திலும் இல்லை.
பவானியில் ஆறு வீட்டுக்குள் புகுந்து
அரிசி டப்பாவைத் திறந்து பார்த்த படத்திலும் இல்லை.
கீழே பொடி எழுத்தில் என் பேர்,
அதுவும் விளம்பரம் வந்தால் இடம் விட்டுப் போய்விடும்.

வீடியோ வந்ததும் மாட்டிக்கொண்டேன்.
என் மூச்சு கேட்கிறது.
"கொஞ்சம் நகருங்" என்கிறேன், இருமுகிறேன்.
பெருந்துறை பைபாஸில் கவிழ்ந்த தக்காளி லாரியைச் சுற்றி வரும்போது
யாரோ "அப்பா, அப்பா" என்று முணுமுணுக்கிறார்.
வீட்டில் போட்டுக் கேட்டால்
அது நான்.
"சத்தத்தை எடுத்துட்டு மியூசிக் போட்டுக்கறோம்" என்றான் ரூபன்.

அந்தத் திங்கள்
மனு எழுதுகிறவரிடம் மீதிச் சில்லறைக்காக நின்றிருந்தார்
அறச்சலூர்ப் பக்கத்துச் சென்னியப்பன்.
கையில் வயர்கூடை.
"பேப்பருங்களா?"
"ஆமாங்."
"நானூத்திப் பதினாலு அடி வண்டித்தடமுங்.
குறுக்கால கல்லு நட்டுப் போட்டாங்க.
ஏழு மனு ஆச்சு. இது எட்டு."
தலையாட்டினேன்.
லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பத்திரண்டு.
போர்ட்டிகோவில் பாதி வெயில், பாதி நிழல்.
வெளிச்சம் சரியாக இருந்தது.
இதைச் சொல்லாமல் விட முடியாது.
கூடையிலிருந்து கேன் வந்தது.
முதலில் மண்ணெண்ணெய் வாசம், அப்புறம்தான் அலறல்.
என் வலது கை அதன் வேலையைச் செய்தது.
மார்பில் மாட்டிய போன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் பக்கம்.
ஏட்டம்மா ஒருவர் அவரை இடுப்போடு கட்டிப்பிடிக்க,
யாரோ ஊற்றிய குடத்துத் தண்ணீர்
கண்ணாடித் தகடுபோல அந்தரத்தில் நிற்க.
இடது ஓரத்தில், கேனைப் பற்றி இழுக்கும் ஒரு கை இருந்தது.
பட்டை கிழிந்த வாட்ச்.
லே-அவுட்டில் வெட்டிவிட்டார்கள்.
"யாரோ குறுக்க கையை விட்டுட்டான்" என்றான் ரூபன்,
"இப்ப ஃபிரேம் சுத்தமா இருக்கு."

பேக்கரியில் மற்ற போட்டோக்காரர்கள்
எனக்குத் தேங்காய் பன் வாங்கித் தந்தார்கள்.

ராத்திரி கார்டைப் போட்டுப் பார்த்தேன்.
பதினாலு ஃபிரேம்.
பத்தாவதில்தான் கை வருகிறது.
ஒன்பது ஃபிரேம் என்பது இந்தக் கேமராவில்
ஒரு விநாடிக்குக் கொஞ்சம் கூட.
கொஞ்சம்தான்.

வீடியோவைச் சத்தம் வைத்துக் கேட்டேன்.
"வேண்டாங்ண்ணா, அண்ணா, வேண்டாங்..."
அந்தக் குரல் ஷட்டருக்கு முன்னா பின்னா என்று
நாலு தடவை ஓட்டினேன்.
ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கிறது.
இணையத்தில் அந்த இடத்தில் வயலின்.

ஒரு வாரம் கழித்துச் சென்னியப்பன் கூப்பிட்டார்,
நம்பர் எப்படிக் கிடைத்ததோ.
"படம் நல்லா வந்திருக்குதுங்.
என்ற சம்பந்தி கூடப் பார்த்துட்டுப் பேசுனாரு.
தடத்தைப் பத்தித்தான் ஒரு வரியுங் காணோம்.
ஏனுங், ஒரு நடை வந்து
அந்தக் கல்லைப் படம் புடிச்சுப் போடுவீங்களா?"

லீவு நாளில் போனேன்.
முழங்கால் உயரத்தில் நாலு கல், சுண்ணாம்பு அடித்தது.
ஒன்றில் வெள்ளாடு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது.
அவர் தள்ளி நின்றுகொண்டார்,
தன் நிழல்கூடப் படத்தில் விழாதபடி.
ஸ்டில் ரெண்டு. வீடியோ ஒண்ணு, நிமிர்த்தி.
பனையோலைக் காற்றையும்
என் மூச்சையும் எடுக்காமல் அனுப்பினேன்.

ரூபனிடமிருந்து பதில் வந்தது:
"இதுல ஆளே யாரும் இல்லையேண்ணா."