நவம்பர் படம், ஏப்ரல் படம்

ஒரே முழங்காலின் இரண்டு படங்களைப்
போர்வைமேல் அருகருகே வைக்கிறாள் ஸ்வான்ஹில்ட்.
மருத்துவரைப் பேர்சொல்லித்தான் கூப்பிடுவார்கள் அங்கே.
ஓலசுண்டில் ஏப்ரல். ஜன்னலுக்கு வெளியே
மழையா பனியா என்று முடிவுசெய்யாத ஏதோ ஒன்று
பெய்துகொண்டிருக்கிறது.

இடப்பக்கம் நவம்பர்.
அன்று செய்தது பாதி வேலை.
பத்தொன்பது வயதில், ஒரு ஹேண்ட்பால் அரையிறுதியில்
அறுந்த நாருக்காக யாரோ போட்டிருந்த திருகாணியைக் கழற்றினார்கள்.
மாற்றிக் கட்டிய நாரும் அறுந்து
கரையொதுங்கிய கயிற்றுத்துண்டாய்க் கிடந்தது உள்ளே.
அதற்காக எலும்பில் குடைந்த சுரங்கம்
பத்தாண்டில் அகன்று வாய்பிளந்திருந்தது.
"ஓட்டைக்குள் ஓட்டை போட முடியாது, வில்டே.
முதலில் அடைக்கணும். அப்புறம்தான் துளைக்கணும்."

அடைப்பதற்கு எலும்பு வங்கியிலிருந்து வந்தது
முகம் தெரியாத ஒருவரின் இடுப்புக் குமிழ்.
செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டு
பழையதைக் கொடுத்துவிட்டு நடந்து போனவர்.
துருவி, பொடித்து, இறுகத் திணித்தார்கள்.
"இது உன் எலும்பாக ஐந்து மாதம் ஆகும்.
அதுவரை மேலெலும்பையும் கீழெலும்பையும்
பிடித்து நிறுத்த உள்ளே ஆளில்லை.
ஓடாதே. சட்டென்று திரும்பாதே. குதிக்காதே."
குதிக்காதே என்பதை இரண்டு முறை சொன்னாள்.

அந்தப் படத்தில் மெனிஸ்கஸ் முழுசாக இருக்கிறது.
இரண்டு எலும்புக்கும் நடுவே
சண்டை மூளாமல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பிறை.
ஓரத்தில் ஒரு பிசிறு, அவ்வளவுதான்.
மேலே குருத்தெலும்பு,
இளநீர் வழுக்கையின் வழவழப்போடு.

வலப்பக்கம் நேற்று எடுத்தது.
பிறை நெடுக்காகக் கிழிந்து
வாளியின் கைப்பிடிபோல் புரண்டு
மூட்டின் நட்டநடுவில் விழுந்திருக்கிறது.
வழுக்கை இருந்த இடத்தில்
பிய்த்த நண்டுச்சதையாய் நார்நார்.
ஒரு குரோனர் நாணயத்தின் அகலத்துக்கு
எலும்பு எட்டிப் பார்க்கிறது.
அடைத்த சுரங்கம் மட்டும் அருமையாய்ப் பிடித்திருக்கிறதாம்.
அந்த முழங்காலில் சொன்னபடி கேட்டது
யாரோ ஒருவரின் இடுப்புதான்.

ஸ்வான்ஹில்ட் ஒன்றும் கேட்கவில்லை.
பேனா மூடியால் கிழிசலைத் தொட்டுக்காட்டிவிட்டு
ஜன்னலைப் பார்க்கிறாள்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை
என்று சொல்லிவிட முடியாது.
பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள்.
மோல்டெயிலிருந்து அக்கரைக்குப் போகும் படகில்
கார்களை வரிசைகட்டும் வேலையை விட்டுவிட்டு
மேல்தளத்தில் காப்பியும் ஸ்வேலெ அப்பமும் விற்றாள்,
காலில் பூட்டிய பட்டையோடு.
படியில் ஏறும்போது கைப்பிடி, இறங்கும்போதும் கைப்பிடி.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.
போட்டி முடிந்து திரும்பும் பெண்பிள்ளைகள்,
பன்னிரண்டு பதிமூன்று வயது, ஈரத்தலை, தோற்ற முகம்.
யாரோ யாருக்கோ எறிந்த பந்து
அலையில் படகு சாய, திசைமாறி
கல்லாவுக்கு மேலே, கண்ணாடிக் குவளைகளை நோக்கி.

வில்டே யோசிக்கவே இல்லை.
யோசித்திருந்தால் குவளைகள் போயிருக்கும்.
இடக்கை உயர்ந்தபோது தரையில் கால் இல்லை.
உள்ளங்கையில் வந்து ஒட்டியது பந்து,
பத்தாண்டு முன்பு ஒட்டியதைப்போலவே.
இறங்கும்போது
ஈரக்கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்,
அவளுக்கு மட்டும் கேட்டது.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.
ஒருத்தி விசிலடித்தாள்.
கல்லாவைப் பற்றிக்கொண்டு சிரித்தாள் வில்டே.
அக்கரை வரும்வரை ஒற்றைக்காலில் நின்று
ஏழு அப்பம் விற்றாள்.
வீட்டில், படி வழுக்கியது என்றாள் ஸ்யூரிடம்.
மருத்துவமனையில் அதைக்கூடச் சொல்லவில்லை.

இப்போது ஆறு தையல்.
குருத்து போன குழியில் ஊசித்துளைகள்.
நல்ல காலிலிருந்து எடுத்துக் கட்டிய புது நார்.
ஆறு வாரம் பாதம் தரையில் படக்கூடாது.
விளையாட்டு பற்றி ஸ்வான்ஹில்ட் எதுவும் சொல்லாததை
வில்டே கேட்டுக்கொண்டாள்.

"பிடித்துவிட்டேன்," என்கிறாள் கடைசியில்.

"எதை?"

வலப்பக்கப் படத்தைக் கையில் எடுத்து
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்க்கிறாள்.
"இதன் ஒரு பிரதி
எனக்குக் கிடைக்குமா?"