கேட்டால் அழுத்தவும்

கோத்தகிரியிலிருந்து முதல் வண்டி.
கண்ணாடிக்கு வெளியே பனி,
மடியில் ரேஷன் கார்டு, ஆதார் நகல், நாலு போட்டோ.
போட்டோவில் காது தெரிய வேண்டுமென்று
ஸ்டூடியோக்காரர் மப்ளரை அவிழ்க்கச் சொன்னார்.
காது நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

ஊட்டி ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
காது கேளாதவர் வரிசையில்
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
நர்சின் வாய் மூன்று தரம் திறந்து மூடியது.
யாரும் எழுந்திருக்கவில்லை.
நான் சிரித்தேன்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல,
கால் ஊனத்து வரிசையே திரும்பிப் பார்த்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் கெம்பி.
கீழ்ச்சரிவில் எங்கோ அவள் ஊர்.
கை இருக்கிறது கால் இருக்கிறது,
இருபது வயசுகூட இருக்காது,
ஃபைல் மட்டும் என்னுடையதைவிடக் கனம்.
ரத்தத்துக்குள் அரிவாளாம்.
பிறக்கும்போதே வளைந்து கிடக்கிறதாம்.
வந்தால் முட்டியில், முதுகில், விலாவில்
விடியும்வரை அறுப்பாம்.
"இப்ப வலிக்குதா?" என்று கேட்டாராம் டாக்டர்.
இல்லை என்றாளாம்.
"வலிக்கிற அன்னிக்கி நான் எப்படிண்ணா பஸ் ஏறுவேன்?"

அண்ணா என்றதை உதட்டில் படித்தேன்.
மீதியைத் தங்கேஸ்வரி
நகல் தாளின் முதுகில் எழுதிக் காட்டினாள்.

தங்கேஸ்வரி.
எனக்கு அது வெகுநாளாய் "அங்கே... வரி."
சன்னமான எழுத்துகள்தான் முதலில் போகுமாம்.
ஸ போனது ஃபேக்டரியில் எட்டாம் வருஷம்.
பிறகு விசில், கொசு, பாலுக்குக் கூப்பிடும் மணி.
குருவி எப்போது போனதென்று தெரியாது,
யாரும் சொல்லவில்லை.
இருபத்தாறு வருஷம் சி.டி.சி. ரோலர் பக்கம்.
காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள்,
இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு.

உள்ளே கூப்பிட்டார்கள். தங்கேஸ்வரி என்னைத் தள்ளிவிட்டாள்.
கல்லாப்பெட்டி அளவு அறை, தடித்த கதவு.
தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான்.
ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டியது அந்தப் பெண்:
சத்தம் கேட்டால் அழுத்தவும்.

அழுத்தினேன்.
மறுபடி அழுத்தினேன்.
எடுக்காமல் அழுத்தினேன்.

ஃபேக்டரி மூடி ஒன்பது வருஷம்.
ரோலரைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு
மேட்டுப்பாளையத்துக்கு லாரியில் ஏற்றியபோது
நானும்தான் நின்றேன், கயிறு கட்டக் கைகொடுத்தேன்.
ஆனால் இங்கே, இந்தக் காதுக்கு உள்பக்கம்,
அது ஒரு ஷிஃப்ட்கூட விட்டதில்லை.
தீபாவளிக்கும் ஓடும்.
அந்தக் கதவை மூடியதும் இன்னும் கொஞ்சம் ஓங்கி ஓடியது.
கேட்டதா? கேட்டது.
பொய் சொல்ல விரலுக்குத் தெரியவில்லை.

முப்பத்தெட்டு சதவீதம்.
நாற்பது இருந்தால்தான் அட்டை,
நாற்பது இருந்தால்தான் மாசாமாசம் வரும் பணம்.
இரண்டு குறைச்சல்.
கொழுந்து நிறுக்கிற தராசில்
ஈரத்துக்கென்று கழிப்பார்களே,
அந்த இரண்டு.

தங்கேஸ்வரி உள்ளே போய்ச் சண்டை போட்டாள்,
வாயின் வேகத்தில் தெரிந்தது.
அந்தப் பெண் நல்ல பெண். தாளில் எழுதிக் கொடுத்தது:
"ஐயா, ஆறு மாசம் கழிச்சு வாங்க.
எங்க சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க."
உங்க சத்தம் எது அம்மா,
அதில் ஏதாவது அடையாளம் போட்டு அனுப்புவீர்களா
என்று கேட்க நினைத்து
கும்பிடு போட்டு வந்தேன்.

கெம்பியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம்.
சுவரில் சாய்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
வந்துவிட்டது போல.
ஆஸ்பத்திரியில் போர்டு எழுந்து போயிருந்த நேரம்.
தங்கேஸ்வரி ஃபிளாஸ்க்கை அவளிடம் கொடுத்தாள்,
திரும்ப வாங்கவில்லை.

தொட்டபெட்டா பிரிவு தாண்டியதும்
என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
மலை ஏறத் தொடங்கியதிலிருந்து
என் கட்டைவிரல் அவள் முழங்கையை
அழுத்திக்கொண்டே வந்ததாம்.
என்ன என்பது போல முகத்தைத் தூக்கினாள்.

கேட்குது என்றேன்.