திரு. ஹிரிபாரின் புகார்

மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வந்தார்.
குடையை மடக்கவில்லை, உட்காரவில்லை.
‘உங்கள் அலமாரி
என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது’ என்றார்.

கிரான் ரயில் நிலையத்தில்
முப்பத்தொரு வருடம் சீட்டுக் கிழித்தவர்.
கேலியைக் கேலி என்று சொல்லக்கூடியவர் இல்லை.

பேரிக்காய் மரம். ஏழு இழுப்பறைகள்.
நவம்பரில் தொடங்கி
ஆற்றில் பனிக்கட்டி உடையும்வரை
நானும் டினேயும் செய்தது.
உள்ளே தள்ளிப் பார்ப்போம்,
வெளியே உருவுவோம்,
உரசிப் பளபளத்த இடத்தில் மட்டும்
இழைப்புளியை ஒருமுறை ஓட்டுவோம்.
விழுந்த சீவலைச் செய்தித்தாள்மேல் வைத்தால்
வானிலை அறிக்கையைப் படிக்கலாம்.
பிறகு அதே சீவல் அடுப்புக்குள்.

நூல் கணக்கு முடிந்து
அரை நூல், கால் நூல் முடிந்து
விரல்நுனி மட்டுமே அளவுகோலான பிறகும்
டினே சொல்வான்: இன்னும் ஒரு சீவு.
ஆகஸ்டில் மரம் ஊதும், யெர்னேயா.
நான் சொல்வேன்: போதும்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
ஒரு நாற்காலி, ஒரு வானொலி,
ஜன்னலோரம் எங்கள் ஐந்து மாதம்.

‘பாருங்கள்’ என்று இரண்டாவதை மூடினார்.
ஐந்தாவது,
யாரோ கூப்பிட்டதைப்போல
ஒரு விரற்கடை
வெளியே வந்து நின்றது.

காற்றுதான் என்றேன்.
போக இடுக்கில்லாத காற்று.
ஒன்று உள்ளே போனால்
இன்னொன்றைத் தள்ளும்.
‘அப்படியானால் பழுதா?’
இல்லை.
‘பழுதில்லையென்றால் ஏன் செய்கிறது?’

பட்டறைக்கு வருகிறவர்களிடம்
இதையே வித்தையாகக் காட்டுவோம்.
கைதட்டுவார்கள். முன்பணம் கொடுப்பார்கள்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

‘ராத்திரி காலுறையை வைத்து மூடுகிறேன்.
திரும்பி நடக்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் ஏதோ திறக்கிறது.
தனியாக இருப்பவன் வீட்டில், அம்மணி,
கேட்காமல் எதுவும் திறக்கக்கூடாது.’

அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினோம்.
முதுகுப்பலகையில்
கட்டைவிரல் நுழையும் அளவுக்கு
ஒரு துளை போட்டேன்.
கைத்துரப்பணம் மறுபக்கம் எட்டியதும்
மெழுகு வாசனையோடு
குளிர்காலம் முழுக்க அடைந்துகிடந்தது
முகத்தில் பட்டது.
யாரும் பார்க்கப்போவதில்லை.
ஆனாலும் துளையின் விளிம்பை
உளியால் வழித்து
உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கினேன்.

ஏழையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார்.
எதுவும் வரவில்லை.
இரண்டாவதை மட்டும் மறுபடி மூடி
ஐந்தாவதைக் கொஞ்சநேரம் பார்த்தபடி நின்றார்.
காப்பி நன்றாக இருந்தது.
ரசீது கேட்டார்.
‘துளை ஒன்று, கட்டணமில்லை’ என்று எழுதினேன்.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்களன்று, மிச்சமிருந்த பேரித் துண்டில்
துளைக்குச் சரியாக ஒரு மூடி கடைந்து
தபாலில் அனுப்பினேன்.
குறிப்பு எதுவும் வைக்கவில்லை.
எதற்கென்று அவருக்குப் புரிந்ததா,
தெரியாது. புகார் வரவில்லை.

அடுத்த அலமாரிக்கு
இழுப்பறைகளைக் கொஞ்சம் தளர்வாக விடு என்றேன்.
டினே பதில் சொல்லவில்லை.
பலகையின் ஓரத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தான்,
விரலால் ஒருமுறை தடவினான்,
வழக்கமாகக் கேட்கும் அந்த ஒரு சீவை
இந்த முறை
கேட்கவே இல்லை.