கட்டாயம் நிரப்பவேண்டிய புலம்

சிவப்பு நட்சத்திரம் போட்ட பெட்டியெல்லாம்
கட்டாயம் நிரப்பவேணும், யசோமதியக்கா.
புலம் எண்டுதான் இதுக்குத் தமிழிலை பேர்.
"அதைப் பெயரத்தானே வந்தனான்" எண்டு சிரிச்சா.

புதுக்குடியிருப்புச் சந்தியிலை
ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர்,
வெயிலேறினால் தாளை விழுங்குற போட்டோக் கொப்பி மெசின்.
படிவத்துக்கு இருநூறு ரூபா,
திருத்தத்துக்குக் காசில்லை.

நாடு.
ஆப்கானிஸ்தானுக்கும் மேலை அமெரிக்காவை வைச்சிருக்கினம்,
அகரவரிசை அவைக்கில்லை.
நாங்கள் மவுஸை உருட்டி உருட்டி
ஸ்பெயினைத் தாண்டி
சூடானுக்கு ஒரு விரல் முன்னாலை நிக்கிறம்.

மாநிலம்.
அப்பிடியொண்டு எங்களிட்டை இல்லை.
வடமாகாணம் எண்டு அடிச்சால் பெட்டி சிவக்குது.
அக்கா ஒண்டும் சொல்லேல்லை.
நானும்.

தபால் குறியீடு: நாலு, ரெண்டு, மூண்டு சைபர்.
கொஞ்சநேரம் யோசிச்சுப்போட்டு
தானே ஊரை நிரப்பிச்சுது: கென்ரக்கி.
"அது பொரிச்ச கோழிக்கடையெல்லோ?"
ரெண்டு நிமிசம் அவ அங்கை குடியிருந்தா.
பிறகு அழிச்சன்.

தொழில்.
அம்பகாமக் காட்டிலை ஒன்பது வருசம்
முழங்காலிலை நிண்டு
ஒரு சாண், பிறகு இன்னொரு சாண் எண்டு
மண்ணுக்கு நோகாமல் மண்ணைத் தடவி
முந்நூற்றுச் சொச்சம் மிதிவெடி எடுத்த கை.
பட்டியலிலை அந்த வேலை இல்லை.
மண், கத்தரிக்கோல், முழங்கால்,
மூண்டையும் கூட்டிப் பாத்திட்டு
பெட்டி சொல்லுது: தோட்டக்காரர்.
"போடு," எண்டா.
"புல்லும் வெட்டினனான்தானே."

விளங்காததைத் தமிழிலை தேடினன்.
தமிழ் நேரே திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போச்சுது.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கமாம்,
ஆதார் அட்டையோடை வரட்டாம்,
சம்பளம் ரூபாயிலையாம்.
எங்கடை ரூபாவிலை இல்லாத அந்த 'ய்'
மூண்டு மடங்கு பாரம்.
இங்கிலீசிலை தேடினால்
அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போகச் சொல்லுது:
மணிலா, மும்பை, டல்லாஸ்.
ஆருக்கு அருகிலை?

கடைசிப் பக்கம்.
பத்து வருச விலாசம்,
இடைவெளி விடக்கூடாது,
மாதம் முதலிலை, நாள் பிறகு.
அக்கா விரலை மடிச்சா.
தர்மபுரம். விசுவமடு. சுதந்திரபுரம்.
இரணைப்பாலை, பதினொரு நாள்.
பிறகு கடலுக்கும் களப்புக்கும் நடுவிலை
நீலத் தறப்பாள் ஒண்டு.
"தெரு இலக்கம் கேக்குது, அக்கா."
அவ யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தா.
உண்மையாய் நினைவுபடுத்திப் பாக்கிறா போலை இருந்துது.
மெசின் சூடாகி நிண்டுது.
பரந்தன் பஸ் வந்து, ஆக்களை இறக்கி, போச்சுது.

திரை வெளிறிச்சுது.
நீண்டநேரமாக உங்களிடம் அசைவு இல்லை.
உங்கள் பாதுகாப்புக்காக
வெளியேற்றியுள்ளோம்.

வாசி எண்டா. வாசிச்சன்.
இன்னொருக்கா வாசி எண்டா.

இருநூறு ரூபாவை விசைப்பலகைக்குக் கீழை வைச்சிட்டு
சனிக்கிழமைதான் லீவு, வாறன் எண்டா.
விலாசங்களைத் தாளிலை எழுதிக்கொண்டு வாங்கோ, அக்கா.
தலையாட்டினா.
படியிலை செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டா:
"அந்தக் கென்ரக்கியிலை
மழை பெய்யுமோ?"