கோளாறு நாற்பத்தேழு

நடு ஏரியில்தான் கத்த ஆரம்பித்தது.
ஆத்தூர்க் குடும்பம் ஒன்று, பதினோரு பேர்,
மடியில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம்,
சேர்வராயன் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த பனி.
பீப் பீப் பீப்.
திரையில் மஞ்சளாய் ஓர் எண்: 47.

ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன்.
படகு வலப்பக்கமே போனது,
பந்தியில் கோபித்து எழுந்த மச்சான் மாதிரி.
இன்னும் ஒடித்தேன். இன்னும்.
அதுதான் நான் செய்த தப்பு.

எட்டு வருஷம் இந்த மலையில் பஸ் ஓட்டியவன்.
இருபது கொண்டை ஊசியிலும்
சக்கரம் என் தோளோடு பேசும்,
கல்லில் ஏறினால் மணிக்கட்டுக்குத் தெரியும்.
இதற்கு அடியில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு ஒயர்,
அவ்வளவுதான்.
கை கொடுப்பது கட்டளை இல்லை, மனு.
மோட்டார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்,
போடாமலும் இருக்கும்.

ஐந்து ரோடு ஒர்க்‌ஷாப்பிலிருந்து பர்வீன்
போனில் கேட்டாள்: "தண்ணியிலயா, கரையிலயா?"
தண்ணியில்.
"வேகத்தப் பூஜ்யத்துக்குக் கொண்டாங்க.
அப்புறம் கையை எடுத்துருங்க."
கையையா?
"ஆமாங்க. நீங்க திருப்பத் திருப்ப
அது இன்னும் குழம்பும்."

படகு நின்றது. பஜ்ஜி மெல்லும் சத்தமும் நின்றது.
முன்சீட்டுப் பையன் சொன்னான்:
"மூணு தடவ அடிக்குது, நிறுத்துது, மறுபடி மூணு."
நான் வெறும் கத்தலாகக் கேட்டதை
அவன் எண்ணியிருக்கிறான்.

"மூணா? அப்ப மோட்டார் நல்லாருக்கு.
ஸ்டீயரிங் அடியில ரெண்டு சென்சார்.
ஒண்ணு பன்னெண்டு டிகிரிங்குது,
இன்னொண்ணு முப்பதுங்குது.
எதை நம்பறதுன்னு தெரியாம
ரெண்டையும் விட்டுருச்சு."

அம்மாப்பேட்டை வீட்டைப் பாகம் பிரித்த அன்று
நானும் தம்பியும் ஆளுக்கு ஓர் அளவு சொன்னோம்.
சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.
வாசல்வரை போய்த் திட்டினேன் அந்த மனுஷனை.

சாவியை அணைத்து முப்பது எண்ணச் சொன்னாள்.
பதினோரு பேரும் சேர்ந்து எண்ணினார்கள்;
பெரியம்மா ஒருத்தி இருபத்திரண்டிலிருந்து
நேராக முப்பதுக்குத் தாவினார்.
திரும்ப முதலிலிருந்து.
போட்டால், மறுபடி 47.

மூடியைக் கழற்றினேன். பிளக்கின் ஒரு ஊசியில்
பாசி மாதிரிப் பச்சை.
மூன்று மாதப் பனி அங்கே குடியிருந்திருக்கிறது.
சட்டை நுனியால் துடைத்து,
டக்கென்று கேட்கும்வரை அழுத்தினேன்.

எண் போய்விட்டது.
குடும்பம் கைதட்டியது.
பர்வீன் கைதட்டவில்லை.
"போயிருச்சுன்னு நம்பிடாதீங்க.
நடக்கிற வேகத்துல கரைக்கு மட்டும்.
துடுப்பு பக்கத்துலயே இருக்கட்டும்."

மான் பூங்கா ஓரமாக, நீரைத் தடவித் தடவி வந்தோம்.
என் ஒரு கை ஸ்டீயரிங்கில், தொட்டும் தொடாமல்.
துடுப்பைப் பையன் பிடித்திருந்தான்,
தேவைப்படாதா என்கிற முகத்தோடு.

கரையில் நாற்பது பேர் வரிசை.
"ஓடுதில்ல, அப்புறம் என்னய்யா?" என்றார் டிக்கெட் கிழிக்கும் சாமிக்கண்ணு.
சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது பையன் கேட்டான்,
"பன்னெண்டா முப்பதாண்ணா, எது நெஜம்?"
தெரியலப்பா என்றேன்.

பதிவேட்டில் இரண்டே கட்டம்:
சரி. பழுது.
நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்:
பிளக் துடைத்தது. காரணம் பார்க்கவில்லை.
நாளைக் காலை பர்வீன் வரும்வரை
எடுக்க வேண்டாம்.