சான்றுப்பொருள் இலக்கம் நான்கு

சீனக்குடாப் பக்கம், விடியற்காலம்.
மீன் பாரம் என்று நினைத்துத்தான்
கிண்ணியா ஜவ்பர் வலையை வலித்திருக்கிறார்.
வந்தது துவக்கு.

நீதவான் மேசையில் பழைய வீரகேசரி விரித்து
அதன்மேல் கிடத்தியிருந்தார்கள்.
உடம்பெல்லாம் மட்டி. ஒரு சின்ன நண்டு
மகசீன் வாய்க்குள்ளிருந்து வந்து
எல்லாரையும் பார்த்துவிட்டு உள்ளே போனது.

சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவதும்
தமிழைத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை.
கோட்டையிலிருந்து வந்த ஆயுதச் சார்ஜன் அபேகோன்
ஒவ்வோர் உறுப்பாய்த் தொட்டுச் சொன்னார்.
குழல் என்றேன். வாய் என்றேன்.
விரல் இழுப்பதைக் குதிரை என்றேன்.
ரவை என்றதும் ஜவ்பர் சிரித்துவிட்டார்,
காலையில் அவர் வீட்டில் கிண்டியது அதுதானாம்.
துவக்கு என்ற சொல்லில் மட்டும் எனக்கு எப்போதும் இடறும்:
பெயரா, ஏவலா?
பாலர் வகுப்பில் ரீச்சர் அதைச் சொன்னால்
நாங்கள் பாடத் தொடங்குவோம்.

"ரி ஐம்பத்தாறு. ஏழு தசம் ஆறு இரண்டு. முப்பது ரவை.
உறுப்புக்கும் உறுப்புக்கும் நடுவே
வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறார்கள்.
மணல் போனால் மணலும் இருந்துகொள்ளும்."
டீசல் துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்து
ஜன்னல் பக்கம் பிடித்தார்.
நீதவான் எழுந்து வந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
வெளியே அத்தனை துரு,
உள்ளே குரோம் இன்னும் மினுங்கியது.

நெம்பைப் பற்றியும் சொன்னார்.
முதல் படி தொடர்ச்சூடு, கடைசிப் படி ஒற்றை.
பதறி அடிவரை தள்ளுகிறவன்
ஒவ்வொன்றாய்த்தான் சுடுவான்.
எங்கோ ஒரு வரைபட மேசையில்
பயத்தின் கனத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

எந்த நாட்டுச் சாமான்?
"வரைந்தது ரஷ்யாவில், சேர். அடித்தது சீனாவில்.
வியட்நாமில் சேற்றுக்குள் கிடந்தது, சூடானில் புழுதிக்குள்.
எல்லைக்கு எல்லை கைமாறிப் போகும்,
போகிற இடமெல்லாம் பாஷை கேட்காது."
சீனம் என்று எப்படித் தெரியும்?
"முன் குறிமுள்ளைச் சுற்றி முழு வட்டம், சேர்.
ரஷ்யச் சாமானில் அது மேலே திறந்திருக்கும்."

இந்த இடத்தில் நான் பிந்தினேன்.

உவர்மலைச் சாவடி. எனக்குப் பத்து வயது.
அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனின்
தோளில் தொங்கிய துவக்கின் வாய்
சரியாக என் கண்ணுயரத்தில்.
அழாமலிருக்க அந்த வட்டத்தையே பார்த்தேன்,
உடைந்திருக்கிறதா, முழுசா என்று.
முழுசு.
நடுவே ஒரு முள், முள்ளுக்குப் பின்னால் துண்டுக் கடல்.

"மிஸ்?" என்றார் நீதவான்.
முழு வட்டம் என்றேன்.

இலக்கத்தில் மூன்று எண்ணை உப்பு தின்றிருந்தது.
அப்படியானால் இது யாருடையது?
அபேகோன் தன் சப்பாத்தைப் பார்த்தபடி
"தெகொல்லன்கேம, சேர்" என்றார்.
இரு பகுதியினருடையதும், என்றேன்.
பகுதியினர் சரியான சொல்லா, இன்றைக்கும் தெரியாது.
கூண்டில் நின்ற ஜவ்பருக்கு அது விளங்கியது.
கடலுக்குள் போகையில் இரு பகுதியும்
அவரை மறித்தது இதே சாமானோடுதான்.

அழிக்கும்படி கட்டளை. குதிரைக் காப்பு வளையத்தில்
நூலில் கோத்த அட்டை: சான்றுப்பொருள் 4.
வெளியே வளவுக்குள் வந்த இரண்டு மான்
யாரோ எறிந்த சோற்றுப்பார்சல் கடதாசியை
இழுத்து மென்றுகொண்டிருந்தன.

ஜவ்பர் கூண்டைவிட்டு இறங்கவில்லை.
இதன் மடக்குக் கத்தி கிழித்தது
பதினெட்டு முழ வலை, ஐயா.
அதற்கு யார் காசு தருவது?

தமிழில் கேட்டதைச் சிங்களத்தில் வைத்தேன்.
மறுமொழி வந்தால் தமிழாக்கக் காத்து நின்றேன்.
பதிவாளர் பேனாவை மூடிவிட்டார்.