கைக்கு அறுபது ரூபாய்

ஏசுவடியான் ஐயாவிடம் விலைப்பட்டியல் உண்டு.
மார்பளவுப் படத்துக்கு நூற்றைம்பது.
முழங்கால்வரை என்றால் முந்நூறு.
கை தெரியவேண்டும் என்றால்
கைக்கு அறுபது, தனியாக.

வக்கீல்கள் பலர்
கையில்லாமல்தான் தொங்குகிறார்கள்
பாளையங்கோட்டைப் பழைய வீடுகளில்.

ஜமீன்தார்கள் அப்படியில்லை.
இரண்டு கையும் வேண்டும்,
பத்து விரலும் ஆறு மோதிரமும்.
உட்காரத்தான் நேரம் இருக்காது.
முகத்துக்கு அரைமணி தருவார்கள்,
அதில் பாதி வெற்றிலைக்குப் போகும்.
மறுநாள் கார் மட்டும் வரும்,
சரிகைக் கோட்டும் தலைப்பாகையும்
பின்சீட்டில் உட்கார்ந்து.

அவற்றைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவன் நான்.
சமாதானபுரத்தில் சோடாக் கம்பெனி வேலை,
நாலு மணிக்கு மேல் ஜமீன்.

“ஆடாதடே.”
ஆடலை ஐயா, கொசு.
“ஜமீன்தாரைக் கொசு கடிக்காது.”
பல்லிடுக்கில் தூரிகை. ஆளிவிதை எண்ணெய் வாடை.
வெளியே முருகன்குறிச்சிப் பஸ் ஹாரன்.
மூக்கைச் சுருக்குவார், தாடையைத் தூக்குவார்,
அம்மைத் தழும்பை ஒரே இழுப்பில் துடைப்பார்.
முகத்தில் பொய் சொல்லலாம்,
அதற்குத்தான் காசு தருகிறான்,
கையில் சொன்னால் கை வராது என்பார்.

அதனால்தான் விட்டுவைத்தாரோ என்னவோ,
என் இடது புறங்கையில்
பெருவிரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடும் தழும்பை.
கொடைக்கு லோடு ஏற்றும்போது
கலர் பாட்டில் ஒன்று வெடித்தது.
பெரியாஸ்பத்திரியில் ஏழு தையல்.

அவர் பெட்டியைத் தூக்கினது
சட்டம் அடிக்கிற ஆசாரி, கோயில்குட்டி,
ஒரு மைத்துனர், நான்.
கார் எதுவும் வரவில்லை.
வாகைக்குறிச்சி ஜமீன் பாக்கி நூற்றிருபது என்று
நோட்டில் அப்படியே நின்றது.
இரண்டு கையின் காசு.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு
வாகைக்குறிச்சி போனேன்.
அரண்மனை இப்போது வாடகை மண்டபம்.
மாடிப்படித் திருப்பத்தில் தொங்கினேன்,
கழுத்துக்குக் கீழே முழுக்க நான்.

பேரன் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார்:
“தாத்தா. இந்தத் தழும்பைப் பாருங்க,
மாஞ்சோலைக் காட்டிலே பன்னி கீறினது.
வெறுங்கையாலே கொன்னாராம்.”

எல்லோரும் கையைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன். நல்ல கை.
சுண்டுவிரலுக்குக் கீழே
கொசுக்கடித் தடிப்பும் இருந்தது.

பேரன் திரும்பினார்,
பெரியவருக்கு என்ன, காப்பியா?

இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு
சோடா இருந்தால் போதும் என்றேன்.